ஈப்போவிலிருந்து வந்த எட்டுப் பேர்

பாயான் பாரு அடுக்குமாடியில் எந்த வீட்டுக்கு என்ன பார்சல் வருகிறது, யார் யாரோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்பதெல்லாம் தனலெட்சுமிக்குத் தெரியும். தெரிந்துகொள்ளும் ஆசையெல்லாம் அவருக்குக் கிடையாது. லிஃப்டுக்குப் பக்கத்தில் வீடு அமைந்துவிட்டது, பாவம், அவர் என்ன செய்வார்.

அதனால்தான் எதிர்வீட்டுப் பிரமிளா போன் பேசி முடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டதும் அவர் கண்ணில் பட்டது. பாதிக் கதையைக் கதவோரம் நின்றபோதே கேட்டாயிற்று. மீதியைப் பிரமிளாவே சொன்னாள்.

ஃபேக்டரியில் ஆட்குறைப்பு செய்து அனுப்பிய பிறகு, படித்துப் பரீட்சை எழுதி, சுற்றுலா வழிகாட்டி அட்டை வாங்கியிருந்தாள் அவள். ஒரு டிராவல்ஸ் கம்பெனி வேலை தரத் தயார். ஆனால் முதலில் வெளியூர்க்காரர்கள் சிலருக்கு ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டும்; முதலாளியம்மா ரோஹானா கூடவே வந்து பார்ப்பார். அதற்கு வருவதாக இருந்த ஈப்போ சொந்தக்காரர்கள், அங்கே ஒரு காதுகுத்து என்று கழன்றுகொண்டார்கள். நாளை காலை வேன் வந்து நிற்கும். இதுவும் போனால் வீட்டைக் காலி செய்துவிட்டு சிரம்பானில் அக்காவோடு போய் இருக்க வேண்டியதுதான்.

பிரமிளா போய்விட்டால் எதிர்வீட்டில் யார் வருவார்களோ, கதவைச் சாத்தியே வைத்திருக்கும் ஆளாக இருந்துவிட்டால் என்ன ஆவது? தனலெட்சுமி உடனே முடிவெடுத்தார்.

"இதுக்கா அழுற? நாங்க வர்றோம் லா. ஈப்போவுலேருந்து வந்தோம்னு சொல்லிட்டா முடிஞ்சுது."

"வேணாம்கா. மாட்டிக்குவோம்."

"நாங்க வாயத் தொறந்தாதானே மாட்டிக்க?"

இதைச் சொன்னது தனலெட்சுமி என்பதை வாசகர்கள் மறந்துவிடக் கூடாது.

காலையில் எட்டுப் பேர் வேனில் ஏறினார்கள். லிட்டில் இந்தியாவில் பணம் மாற்றும் மணி எக்ஸ்சேஞ்ச் கடையில் இருபது வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்ற தனலெட்சுமியின் கணவர் சந்திரசேகரன் முன் இருக்கையில். கீழ்வீட்டு அமலம்மாள் ஜபமாலையோடு ஜன்னலோரம். "நேத்துதான் பாவசங்கீர்த்தனம் பண்ணேன். என்னைய பொய் சொல்ல வைக்காத, தனம்," என்று ஏறும்போதே சொல்லிவிட்டார். மற்ற ஐந்து பேரும் அதே பிளாக்தான்.

ரோஹானா தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண். வணக்கம் சொல்லிப் பின்னால் உட்கார்ந்து நோட்டைத் திறந்துகொண்டார்.

லிட்டில் இந்தியாவில் வேன் நின்றது. இறங்கிய கால் தரையில் பதியுமுன் பூக்கடைக்காரி குரல் கொடுத்தாள். "என்னக்கா, இன்னிக்கு வேன்லயா? வழக்கம்போல மல்லிதானே?"

"நாங்க ஈப்போவுலேருந்து வந்தவங்க," என்று அவளிடம் சொல்லிவிட்டுத் தனலெட்சுமி நிற்காமல் நடந்தார். எதிரே திரிஷா என்கிற மூன்று சக்கர சைக்கிள் வண்டியை ஓட்டி வந்தவர் பெல்லை அடித்தார். "சேகர் அண்ணே, முட்டிவலி எப்படி இருக்கு?"

"இப்ப பரவால்ல தம்பி," என்றார் சந்திரசேகரன். பதில் சொல்லிப் பழகிய மனிதர். மனைவியின் பார்வை பட்டதும், "யாருன்னு தெரியல," என்று சேர்த்துக்கொண்டார்.

"இவருக்கு ரொம்பப் பொதுவான முகம். எங்க போனாலும் இப்படித்தான்," என்று தனலெட்சுமி ரோஹானாவிடம் விளக்கினார். யாரும் கேட்கவில்லை.

மாரியம்மன் கோயில் வாசலில் இன்னும் மோசம். குருக்கள் இவர்களைப் பார்த்ததும் பெயரும் நட்சத்திரமும் கேட்காமலேயே அர்ச்சனையைத் தொடங்கிவிட்டார். பிரமிளா மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. கோபுரத்தைக் கை காட்டினாள், "இது கோபுரம்," என்றாள். அவ்வளவுதான் வந்தது.

அடுத்தது கார்ன்வாலிஸ் கோட்டை. ரோஹானா டிக்கெட் வாங்கிக் கொடுத்தார். வாசலில் இருந்த பெண் இவர்கள் முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. தனலெட்சுமிக்கு உயிர் வந்தது.

உள்ளே போன பிறகுதான் நிலைமை மாறியது. சந்திரசேகரன் மதிலைத் தட்டிப் பார்த்தார். "இவ்ளோ கனமா கட்டி வச்சிருக்கான். எவன் வந்து அடிச்சான்?"

"யாருமே வரல அண்ணே. இங்கேருந்து சண்டையே நடக்கல," என்றாள் பிரமிளா.

"சண்டையே இல்லாததுக்கா இவ்ளோ செலவு?"

பிரமிளாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு குரலும் வந்தது. வெடிமருந்து அறையைக் காட்டினாள். சிறிய தேவாலயத்தைக் காட்டியபோது அமலம்மாள் வாசலிலேயே நின்று சிலுவை போட்டுக்கொண்டார். அடுத்தடுத்துக் கேள்விகள் வந்தன. யாரும் நடிக்கவில்லை.

கடலைப் பார்த்து நின்ற பழைய பீரங்கியின் வாயில் யாரோ பூ வைத்திருந்தார்கள். தனலெட்சுமி குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இது யாரு வச்சது?"

"பிள்ளை வரம் கேட்டு வைக்கிறாங்கக்கா. ஸ்ரீ ரம்பாய்னு இதுக்குப் பேரு. ரொம்ப நாளா இருக்கிற நம்பிக்கை."

"அடிப்பாவி, கல்யாணம் ஆன நாள்லேருந்து ஞாயித்துக்கிழமையானா வெளிய பாடாங் திடல்லதான் உக்காந்து பசெம்பூர் சாப்புடுறேன். எங்கிட்ட ஒருத்தி சொல்லலியே!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. அமலம்மாளின் ஜபமாலை வேகமாக உருண்டது.

ரோஹானா அருகில் வந்தார். "அக்கா ஈப்போவுல எந்தப் பக்கம்?"

தனலெட்சுமி வாயைத் திறந்தார். வாழ்நாளில் முதல்முறையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"ஈப்போ இல்ல மேடம்," என்றாள் பிரமிளா. "எல்லாரும் என் பிளாக்குதான். ஈப்போ ஆளுங்க வரல. நேத்தே நான் உங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கணும்."

"பூக்கடையிலேயே தெரிஞ்சுபோச்சு," என்றார் ரோஹானா. "அப்பவே திரும்பிப் போயிருப்பேன். கோட்டை வரைக்கும் பாத்துடலாம்னுதான் வந்தேன். வெளிய தெருவுல உங்களத் தெரியாத ஆளே இல்ல. உள்ள ஒருத்தருக்கும் உங்களத் தெரியல. நீங்க யாரும் இதுக்கு முன்னாடி உள்ள வந்ததே இல்ல, இல்லையா?"

ஏழு பேர் தரையைப் பார்த்தார்கள். சந்திரசேகரன் மட்டும், "வெளியவே காத்து நல்லா வரும்," என்றார்.

"வெளிநாட்டுக்காரங்களுக்குக் காட்ட எங்கிட்ட ஆள் இருக்கு. உள்ளூர்க்காரங்களுக்குத்தான் யாரும் இல்ல." ரோஹானா பிரமிளாவைப் பார்த்தார். "கோயில்ல நீ பேசினது சுத்தமா சரியில்ல. இங்க பேசினது நல்லா இருந்துச்சு. அடுத்த மாசம் அக்கரையில இருக்கிற செபராங் ஜெயாவுலேருந்து ஒரு வேன் போட்டுப் பாப்போம். வேன் நெறைஞ்சா தொடர்ந்து வேலை. நெறையலன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது. இனிமே எங்கிட்ட பொய் மட்டும் வேணாம்."

பிரமிளா தலையாட்டினாள். கண் கலங்கியது, இந்த முறை அதைத் தனலெட்சுமியின் முந்தானையிலேயே துடைத்துக்கொண்டாள்.

வேன் நிறைய ஆள் பிடிக்க வேண்டுமாம். இதைப் போய் யாரிடம் சொல்கிறார்கள்? வேன் பாடாங்கைத் தாண்டுவதற்குள் தனலெட்சுமி செபராங் ஜெயாவில் இருக்கும் நாத்தனாருக்குப் போன் போட்டுவிட்டார்.

அந்தப் பக்கம் எடுத்ததும் வந்த முதல் கேள்வி: "என்ன அண்ணி, ஈப்போவுக்கே வீடு மாத்திட்டீங்களாமே? பூக்கடையில சொன்னாங்களாம்."

தனலெட்சுமி ஒரு கணம் போனையே பார்த்தார். ஊரில் இவ்வளவு வேகமாகச் சேதி பரப்புகிறவர்கள் தன்னைத் தவிர இன்னும் இருக்கிறார்களா என்று அவருக்கு லேசான பொறாமைகூட வந்தது.

"அதெல்லாம் அப்புறம் சொல்றேன்," என்றார். "ஒங்க தாமான்ல, அக்கம்பக்கத்து வீட்டுல, பிள்ளைக்கு ஏங்கிக்கிட்டு யாராவது இருக்காங்களா? இல்லாட்டியும் பரவால்ல. மொதல்ல ஒன் பேரயும் மாப்பிள்ள பேரயும் எழுதிக்கிறேன்."