பதினெட்டில் நின்ற முள்

"காலை எடு," என்றார் மாமனார்.

மருமகள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். சிவப்பு விளக்கு இன்னும் முந்நூறு மீட்டர் தொலைவில் இருந்தது. அந்தப் பழைய ஆறு சிலிண்டர் கார், பிரேக்கின் உதவி இல்லாமலேயே உருண்டு உருண்டு வேகம் குறைந்து, விளக்கை நெருங்கவும் பச்சை விழவும் சரியாக இருந்தது. நிற்காமலேயே கடந்துவிட்டார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

தவறு நடந்தால் மட்டுமே வாய் திறப்பவர் அவர். ஒன்றும் சொல்லாமலிருப்பதே அவருடைய பாராட்டு என்பதை, இந்தக் குடும்பத்துக்கு வந்த ஏழு ஆண்டுகளில் அவள் கற்றுக்கொண்டிருந்தாள். அத்தகைய பாராட்டும்கூட அந்த வீட்டில் வேறு எவருக்கும் கிடைத்ததில்லை. கப்பலில் வேலை பார்க்கும் தன் மகனைப் பற்றி, "அவனுக்குக் கால் இல்லை, செங்கல்லுதான் இருக்கு. உன் கால் பஞ்சு," என்று ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். கண்ணில் அறுவைச் சிகிச்சை ஆன பிறகு ஸ்டீயரிங்கை அவளிடம் ஒப்படைத்த நாளில் சொன்னது அது.

முப்பத்தோரு ஆண்டுகள் குடிநீர் வாரியத்தில் மீட்டர் பரிசோதகராக இருந்தவர். சொட்டும் குழாயைக் கண்டால், அடுத்தவர் வீடாக இருந்தாலும் உள்ளே சென்று இறுக மூடிவிட்டு வருவார். அப்படிப்பட்டவர், ஓய்வு பெற்றவுடன், லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர்கூடத் தராத இந்தக் காரை வாங்கிவந்தது ஏன் என்று எவருக்கும் விளங்கவில்லை. தெருவில் அதற்குக் 'குடிகாரன்' என்று பெயர் வைத்தார்கள். "சார் மாதிரி இன்னும் ரெண்டு பேர் கிடைச்சா நான் வீட்டுக்கு மாடி எடுத்துடுவேன்," என்று பெட்ரோல் பங்க் முதலாளி சிரித்தார். மாமனார் சிரிக்கவில்லை. "குடிகாரனைத் திருத்திக் காட்டுறேன் பாரு," என்றார்.

திருத்தியும் காட்டினார். கார்புரேட்டருக்குள் எரிபொருள் போகும் துளையைச் சிறியதாக்கினார். கூரைமேல் இருந்த கம்பிச் சட்டத்தையும் உபரிச் சக்கரத்தையும் இறக்கினார். டாஷ்போர்டின் கீழே வட்டமான ஒரு மானியைப் பொருத்தினார். ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த அதன் முள் கீழே விழும். முள் விழுந்தால் பெட்ரோல் வீணாகிறது என்று பொருள். பதினெட்டுக்குக் கீழே அது இறங்கலாகாது என்பது சட்டம். லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் பதினொன்றாயிற்று. பன்னிரண்டு ஆகவேண்டும் என்பதற்காக இன்று காலை, மனைவி வேண்டாம் என்று தடுத்தும் கேளாமல், பின் இருக்கையைத் தனி ஒருவராகக் கழற்றித் தூக்கி வாசலில் வைத்தார்.

பெட்ரோல் தொட்டியை விளிம்புவரை நிரப்பிக்கொண்டு புறவழிச்சாலையில் நூறு கிலோமீட்டர் சுற்றி, அதே பங்க்கில் மீண்டும் விளிம்புவரை நிரப்ப வேண்டும். எட்டேகால் லிட்டருக்கு மேல் பிடிக்காவிட்டால் வெற்றி. இப்போது எண்பது முடிந்திருந்தது. மாலை நான்கு மணி.

"மாமா, ஏன் உங்களுக்கு இப்படி வேர்க்குது?"

"கண்ணாடியை ஏத்தி வெச்சுட்டு உக்காந்தா வேர்க்காம குளிருமா?"

அவள் கண்ணாடியை இறக்கப் போனாள்.

"ஏத்து. காத்து உள்ள புகுந்தா வண்டியைப் பின்னாடி இழுக்கும்."

குறிப்பெழுதும் பென்சில் அவர் விரலிலிருந்து நழுவிக் காலடியில் உருண்டது. அவர் அதை எடுக்கக் குனியவில்லை. இடது கையால் மார்பை அழுத்திக்கொண்டிருந்தார்.

"வலிக்குதா?"

"வாயு."

"வாயு இல்லை மாமா. உங்க முகமே சரியில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடவா?"

"அவன் அங்கேருந்து கிளம்பி இங்க வந்து, திரும்ப அங்கேயே கூட்டிட்டுப் போவான். ரெண்டு பங்கு நேரம். இது தெரியாதா உனக்கு?" மூச்சு வாங்கினார். "பங்க்குக்கு அடுத்த தெருவுலதானே ஆஸ்பத்திரி. போற வழிதான். நீ இதே மாதிரி போ."

ஆம்புலன்ஸைப் பற்றி அவர் சொன்னதில் பிழை இல்லை. அதனால் அவள் ஆக்சிலேட்டரை அழுத்தினாள். பெட்ரோல் குறைக்கப்பட்ட எஞ்சின் ஒரு கணம் விக்கியது, பிறகு உறுமிக்கொண்டு பாய்ந்தது. முள் ஐந்துக்குச் சரிந்தது.

"என்ன பண்றே!" அவர் இருக்கையிலிருந்து எழுந்தேவிட்டார். "மூணு மாச வேலை! எடு! காலை எடுன்னா!"

கழுத்து நரம்புகள் புடைத்தன. முகம் சாம்பல் பூத்துப்போயிற்று.

"எடுத்துட்டேன் மாமா, எடுத்துட்டேன். கத்தாதீங்க, உங்களைக் கும்பிடறேன், உக்காருங்க."

முள் பதினெட்டுக்கு ஏறியது. அவர் சாய்ந்தார். மூச்சு சற்றே நிதானப்பட்டது. வேகமாகப் போனால் கத்தியே உயிரை விட்டுவிடுவார். மெதுவாகப் போனால் நேரம் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் மணிக்கு நாற்பத்தைந்து என்ற வேகத்தில் அவள் காரைச் செலுத்தினாள். 'பின்னால கொஞ்சம் படுத்துக்குங்க' என்ற சொல் நாக்குவரை வந்தது. பின்னால் இருக்கை இல்லை என்பது அதன் பிறகே நினைவுக்கு வந்தது.

பின்னால் நெடுநேரம் ஒலியெழுப்பிக்கொண்டிருந்த லாரி ஒன்று முந்திச் சென்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். "இறங்கித் தள்ளுங்கக்கா, சீக்கிரம் போய்ச் சேரும்!"

மாமனாரின் உதடு கோணியது; சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும். "அவன் வண்டி லிட்டருக்கு எவ்ளோ குடுக்குதுன்னு கேளு," என்றார்.

கேலி பேசுகிறார் என்றால் அவ்வளவு மோசமில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றவேண்டும் என்று அவள் விரும்பினாள்.

லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் எடைமேடை வந்தது. அதற்கப்பால் சாலை மெல்ல உயர்ந்தது. "மேடு வருது," என்றார். "முன்னாடியே கொஞ்சம் குடு. கொஞ்சம்தான்."

அவள் முன்னதாகவே சிறிது கொடுத்தாள். கார் சிரமமின்றி மேட்டை ஏறியது. இறக்கத்தில் காலை எடுத்தாள். வளைவில் பிரேக் தொடவில்லை. நிறைகுடத்தைத் தளும்பாமல் எடுத்துச் செல்பவளைப்போல, பாதத்தின் நுனியில் தன் உயிர் முழுவதையும் வைத்து ஓட்டினாள். முள் பதினெட்டில் நின்றது, பதினெட்டரை, பத்தொன்பது. இதற்கு முன் ஒருபோதும் அவள் இவ்வளவு நன்றாக ஓட்டியதில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வலி தணிந்துவிட்டது போலும் என்று எண்ணினாள். தொண்ணூற்று இரண்டு. தொண்ணூற்று மூன்று. ஆற்றுப் பாலத்தின் முதல் தூண் தெரிந்தது.

"மாமா, பத்தொன்பது காட்டுது," என்றாள். அவளையும் மீறிக் குரலில் ஒரு மகிழ்ச்சி இருந்தது.

திரும்பிப் பார்த்தாள்.

மூக்குக் கண்ணாடி உதடுவரை சரிந்திருந்தது. கண்கள் திறந்திருந்தன, பார்வை முள்ளின் பக்கம் இல்லை.

அதன் பிறகு அவள் அழுத்தினாள். கால் தரையில் முட்டும்வரை அழுத்தினாள். எஞ்சின் விக்கி விக்கித் திணறியது. அவர் சிறிதாக்கிய துளை வழியே அதற்கு வேண்டிய அளவு வரவில்லை. "போ, போயேன்!" என்று ஸ்டீயரிங்கை அறைந்தாள். ஒலிப்பானிலிருந்து கையை எடுக்காமல் மீதி ஏழு கிலோமீட்டரைக் கடந்தாள். ஒவ்வொரு குலுக்கலிலும் அவர் தலை அவள் தோளை வந்து தொட்டுத் தொட்டு விலகியது.

மருத்துவமனையில் இருபது நிமிடம் முயன்றார்கள். பிறகு இளம் மருத்துவர் ஒருவர் படிவத்துடன் வெளியே வந்தார்.

"வலி எப்போ ஆரம்பிச்சுது?"

"எண்பதாவது கிலோமீட்டர்ல," என்றாள்.

மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். "மணி?"

"நாலு."

"பேச்சு எப்போ நின்னுச்சு?"

"தெரியலை," என்றாள். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

பக்கத்து வீட்டுக்காரரின் காரில் வந்த மாமியார், உள்ளே சென்று பார்த்துவிட்டு வெளியே வந்து, சுவரோரம் இருந்த நாற்காலி வரிசையில் அமர்ந்தார். அழவில்லை. கைக்குட்டையை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். மருமகள் எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"கடைசியா என்ன சொன்னார்?"

உங்களைத்தான் கேட்டார் என்று சொல்லிவிடலாம். சொன்னால் யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை.

"மேடு வருது, முன்னாடியே கொஞ்சம் குடுன்னு சொன்னார்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் சொல்லலை அத்தை. எடைமேடையிலேருந்து பாலம் வரைக்கும். அஞ்சு நிமிஷம் இருக்கும்." அவள் தன் வலது பாதத்தைப் பார்த்தாள். "நான் நல்லா ஓட்டறேன்னு நினைச்சுட்டேன்."

மாமியாரின் விரல்கள் கைக்குட்டையின் மேல் நின்றன.

"எவ்வளவு வேகத்துல வந்தே?"

"நாற்பத்தஞ்சு. ஒரு தடவை அழுத்திப் பாத்தேன் அத்தை. கத்தினார். எழுந்தே நின்னுட்டார். பயந்து எடுத்துட்டேன்."

மாமியார் தரையைப் பார்த்தார். கூடத்தில் ஒரு தள்ளுவண்டி கிறீச்சிட்டுக்கொண்டு கடந்து போயிற்று.

நாத்தனார் வந்தபோது மணி ஆறு. வங்கியில் காசாளர், அடையாள அட்டை கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே சென்று தந்தையைப் பார்த்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டே நேராக அண்ணியிடம் வந்தாள்.

"எத்தனை மணிக்கு அண்ணி வலி வந்துச்சு?"

"நாலு மணிக்கு."

"இங்க எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"நாலரைக்குக் கொஞ்சம் முன்னாடி."

"எங்கேருந்து?"

அவள் இடத்தைச் சொன்னாள். நாத்தனாரின் கண்கள் சுருங்கின. அந்தச் சாலையில் அன்றாடம் சென்று வருபவள் அவள்.

"அங்கேருந்து கால் மணி நேரம் அண்ணி. கால் மணி நேரம்கூட ஆகாது! நடுவுல என்ன ஆச்சு? வேகமா ஓட்டுனீங்களா, இல்லை அப்பா பேச்சைக் கேட்டுட்டு உருட்டிக்கிட்டே வந்தீங்களா? சொல்லுங்க."

வரிசையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தாள்.

"பறந்து வந்திருக்கா," என்றார் மாமியார்.

இருவரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கப்பா கத்தக் கத்தக் கேக்காம ஓட்டியிருக்கா. அவர் பண்ணி வெச்ச வேலையில வண்டி இழுக்கலை. அதுக்கு அவ என்ன பண்ணுவா? பெத்த பிள்ளைங்க நீங்க ரெண்டு பேரும் எங்க இருந்தீங்க? கேள்வி கேக்க வந்துட்டே."

நாத்தனாரின் முகம் உடைந்தது. அண்ணியின் இரு கைகளையும் பற்றிக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. என்ன பேசறோம்னே தெரியலை. நீங்களாவது கூட இருந்தீங்களே, தனியாப் போகாம." அவளுடைய கண்ணீர் கைகளின் மேல் விழுந்தது. மருமகள் தன் கைகளை உருவிக்கொள்ள முடியாமலும், அப்படியே விட்டுவைக்க முடியாமலும் நின்றாள். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து கையெழுத்துக்காக அழைத்தார்கள். நாத்தனார் இருபுறமும் ஆடும் கதவைத் தள்ளிக்கொண்டு சென்றாள்.

"அத்தை, நான்..."

"உக்காரு," என்றார் மாமியார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த கைப்பையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். அவள் முகத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை. மருமகள் உட்கார்ந்தாள். இருவருக்கும் எதிரே, மகள் தள்ளிவிட்டுப் போன கதவு முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தது. அது முழுவதுமாக நிற்கும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.