சியாங் மாய்க்கு ஒரு டூட்டிப் பட்டியல்

“இதுல உன் பேரு எங்கம்மா?”

மாற்றலாகி வந்த புதுத் தலைமை நர்ஸ், சுவரில் ஒட்டியிருந்த டூட்டிப் பட்டியலை மேலிருந்து கீழே விரல் வைத்துத் தேடிவிட்டு ஒருமுறை அவளிடம் இப்படிக் கேட்டார். பதினான்கு பேர், மூன்று ஷிஃப்டு, ஏழு நாள். எல்லாக் கட்டத்திலும் பென்சிலால் குண்டு குண்டாகப் பெயர்கள். அவள் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை.

“எழுதுறவங்க பேரை எழுத மாட்டோம் சிஸ்டர். எங்க ஆள் குறையுதோ அங்க நான் போயிடுவேன்.”

“அப்போ உனக்கு லீவு எப்போ?”

“வேற யாரும் லீவு போடாத அன்னிக்கு.”

சிஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் அதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் துப்புரவுக்கும் படுக்கை விரிப்புக்குமான ஆட்களுக்கு அவள் தலைவி. ‘டூட்டியக்கா’ என்றால்தான் வாட்ச்மேனுக்கே தெரியும். அவளுக்கு முன்னால் பட்டியல் எழுதியவளும் தன் பெயரை எழுதியதில்லை. அவளுக்கும் முன்னால் இருந்தவளும் அப்படித்தானாம். யார் ஆரம்பித்த வழக்கமோ, பென்சிலோடு சேர்ந்து கைமாறி வந்துவிட்டது. ஒரு நாளைக்கு அறுபது படுக்கை. பழைய விரிப்பை உருவு, ரெக்ஸினைத் துடை, புது விரிப்பை உதறு, நான்கு மூலையிலும் மடித்துச் செருகு, தலையணையைத் தட்டு. பதினோரு வருஷமாக இதே வேலை. வீட்டில் படுத்த பிறகும் அவள் கை பக்கத்தில் இருக்கும் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருக்கும். “சும்மா படேன்டி” என்பான் கணவன், தூக்கக் கலக்கத்தில்.

வீட்டில் ஐந்து பேர். கணவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். கொழுந்தன் செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை. அவன் மனைவி, அதாவது இவளுடைய ஓரகத்தி, பல் டாக்டர் ஒருவரிடம் டோக்கன் கொடுக்கிறவள். இவர்களோடு மாமியாரும், மாமியாரின் இரண்டு முட்டிகளும். முட்டிகளைத் தனியாகச் சொல்லக் காரணம், அந்த வீட்டில் எந்த முடிவாக இருந்தாலும் அவற்றையும் கேட்டுத்தான் எடுப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொழுந்தன் போனைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தான்.

“சியாங் மாய்னு ஒரு ஊரு. தாய்லாந்துல, வடக்குப் பக்கம். மலை இருக்கு, யானை இருக்கு, கோட்டைச் சுவரும் அகழியும் இருக்கு. புதுசா நேரா விமானம் விட்டிருக்கான், சலுகை டிக்கெட்டு. மூணு நாள் போயிட்டு வந்துடலாம்.”

“பாஸ்போர்ட்டு?” என்றான் அண்ணன்.

“அலமாரியில தூங்குதுல்ல அஞ்சும்.”

ஓரகத்தியின் அண்ணனுக்கு வெளிநாட்டில் கல்யாணம் என்று போன வருஷம் எல்லோரும் அடித்துப் பிடித்துப் பாஸ்போர்ட் எடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்து அவனே இங்கே வந்து தாலி கட்டிவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து ஐந்து பாஸ்போர்ட்டும் பட்டுப்புடவைக்கு அடியில்.

“கோயில் இருக்காடா?” என்றாள் மாமியார்.

“முந்நூறுக்கு மேல இருக்காம்மா.”

“ஒண்ணு போதும். என் முட்டி ஒரு கோயிலுக்குத்தான் தாங்கும்.”

“எனக்கு அந்த ஞாயித்துக்கிழமை சந்தை” என்றாள் ஓரகத்தி. “தெரு முழுக்கக் கடையாம். யாரு பல்லையும் பாக்காம நாலு மணி நேரம் நடக்கணும்.”

“அங்க வண்டி யாரு ஓட்டுவா?” என்று கேட்டான் கணவன்.

“டிரைவர் இருப்பாருண்ணா.”

“அப்ப சரி. நான் பின்சீட்டுல உக்காந்து ‘மெதுவாப் போப்பா’ன்னு சொல்லிக்கிட்டே வரேன்.”

“அண்ணி, உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டான் கொழுந்தன்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வேறு யாரோ விரித்து வைத்த படுக்கையில் போய் அப்படியே விழ வேண்டும். காலையில் எழுந்து அதை அப்படியே போட்டுவிட்டு வெளியே போக வேண்டும். திரும்பி வந்தால் வேறு யாரோ அதை மறுபடி விரித்திருக்க வேண்டும். இதற்காகவா கடல் தாண்டுவது என்று சிரிப்பார்களே என்று வாய் வரவில்லை.

“எனக்கு என்ன தம்பி...” என்று ஆரம்பிப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். “அண்ணிதான் பிளான் போடணும். பதினாலு பேரை மேய்க்கறவங்களுக்கு இது ஜுஜுபி!”

மூன்று ஞாயிற்றுக்கிழமை அதற்கே போயிற்று. வேலை முடிந்து வந்த கால்களை வெந்நீர் வாளிக்குள் வைத்துக்கொண்டு, மடியில் அட்டையும் அட்டையில் கோடு போட்ட தாளுமாக அவள் உட்கார்ந்தாள். போனில் ஒவ்வொன்றாகத் தேடினாள். விமான நிலையத்திலிருந்து அகழிக்கு எவ்வளவு நேரம், மலைக்கோயிலுக்குப் போகும் சிவப்பு ஷேர் வண்டி எங்கே நிற்கும், யானையைச் சவாரி செய்யாமல் பழம் மட்டும் கொடுத்துவிட்டு வரும் இடம் எது. தேடத் தேட போன் ஓட்டல் ஓட்டலாகக் காட்டிக்கொண்டே வந்தது. அவள் அறைகளைப் பார்க்கவில்லை, கட்டில்களைத்தான் பார்த்தாள். வெள்ளை விரிப்பு, மூலை மடிப்பு கத்தி மாதிரி. யார் மடித்தார்களோ, கெட்டிக்காரி.

மலைக்கோயிலுக்கு முந்நூறு படிக்கு மேல் இருந்தது. இரண்டு பக்கமும் பாம்புக் கைப்பிடி. பக்கத்திலேயே தண்டவாளத்தில் ஆட்களை மேலே இழுத்துக்கொண்டு போகும் பெட்டியும் இருந்தது. ‘அத்தை: பெட்டி. துணை: இளையவள். படி: ஆண்கள் இருவர்’ என்று எழுதினாள். அறை ஒன்றில் அண்ணன் தம்பி. அறை இரண்டில் அத்தையும் இளையவளும். யானைக்குப் பழம் கொடுக்கும்போது அத்தையின் கைப்பை யார் கையில், மாத்திரை எத்தனை மணிக்கு, குடை யார் தூக்குவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். ஒரு கட்டமும் காலியில்லை. ஆள் குறைந்தால் என்ன செய்வது என்று அவள் எழுதவில்லை. அதற்குத்தான் அவள் இருக்கிறாளே.

முடித்து வாசித்துக் காட்டினாள். வீடே வாயைப் பிளந்தது.

“பாத்ரூமுக்குக்கூட டைம் போட்டிருக்கீங்களே அண்ணி!”

“ரெண்டு பொம்பளைங்க போயிட்டு வரணும்ல தம்பி? பதினஞ்சு நிமிஷம் வேணாமா?”

“நம்ம அம்மாவுக்கு அது பத்தாது” என்றான் கணவன் தம்பியிடம்.

“ஏன்டா, நான் அங்க குடித்தனமா பண்ணப் போறேன்?” என்றாள் மாமியார். எல்லோரும் சிரித்தார்கள். தாள் கை மாறிக் கை மாறிச் சுற்றி வந்தது. ஒவ்வொருவரும் தன் பெயரைத் தேடிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்கள். மற்றவர் பெயரை யார் தேடுவார்?

பாஸ்போர்ட்டுகளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான் கொழுந்தன். பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயருக்கு ஒன்றாக, அதே வரிசையில் எடுத்து அனுப்பினாள். அவன் அவற்றைப் பட்டியலோடு சேர்த்து அப்படியே பயண அலுவலகத்துக்குத் தள்ளிவிட்டான். அங்கிருந்த பெண் போன் செய்து, “பட்டியல்ல இருக்கற ஆளுங்கதானே சார்?” என்று கேட்டபோது அவன் ஒரு போனைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தானாம். “ஆமா, அதுல இருக்கறபடியே போடுங்க” என்றானாம்.

ஆஸ்பத்திரியில் அவள் மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தாள். பென்சிலை அடுத்தவளிடம் கொடுக்கும்போது கை கொஞ்சம் லேசானது போல இருந்தது. “வரும்போது எனக்கு ஒரு யானை பொம்மை டூட்டியக்கா” என்றாள் அவள்.

டிக்கெட் வந்த சாயங்காலம், கொழுந்தன் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு வாத்தியார் மாதிரி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டான். மாமியார் “உள்ளேன் ஐயா” என்றாள். கணவன் கையைத் தூக்கினான். ஓரகத்தி எழுந்து நின்று வணக்கம் வைத்தாள். தன் பெயரையும் வாசித்துத் தானே “உள்ளேன்” என்று சொல்லிக்கொண்டான். பிறகு திரையை மேலே தள்ளினான். கீழே தள்ளினான். மறுபடி மேலே தள்ளினான்.

“என்னடா, சார்ஜ் போயிடுச்சா?”

“அஞ்சாவது பக்கம் காணோம்மா.”

அது காணாமல் போகவில்லை. இருந்ததே இல்லை. பட்டியலை எடுத்து மேசையில் விரித்தார்கள். நான்கு தலைகள் அதன் மேல் குனிந்தன. அவள் குனியவில்லை. அந்தத் தாளில் எது எங்கே இருக்கிறது என்று அவளுக்கு மனப்பாடம். எது இல்லை என்பதும் அந்த நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

“உன் பேரை நீயே எழுதலையா?” என்றான் கணவன். குரலில் கோபம் இல்லை. பெரிய அதிசயத்தைப் பார்த்தவன் மாதிரி இருந்தான்.

“பழக்க தோஷம்” என்றாள்.

கொழுந்தன் பயண அலுவலகத்துக்குப் பேசினான். அந்த விமானத்தில் இடமே இல்லை. அடுத்தது மூன்று நாள் கழித்து, அதாவது இவர்கள் திரும்பும் அன்று. சலுகை டிக்கெட்டை மாற்றவும் முடியாது, திருப்பவும் முடியாது, வேறொருவர் பெயருக்குத் தரவும் முடியாது.

“என் டிக்கெட்டு கிழிஞ்சாலும் பரவாயில்ல, நான் போகல” என்றான் கணவன். “ஒருத்தியை விட்டுட்டு என்ன ஊர் சுத்தல்?”

“நீயும் போகலைன்னா முந்நூறு படியில என்னை யாருடா தூக்குவா?” என்றாள் மாமியார்.

“உனக்குப் பெட்டிதாம்மா போட்டிருக்கா.”

“பெட்டி நின்னு போச்சுன்னா?”

ஓரகத்தி இவள் தோளைக் கட்டிக்கொண்டு, “எல்லாத்தையும் வீடியோ எடுத்து அனுப்பறேன்க்கா” என்று மூக்கை உறிஞ்சினாள். அழுகை நிஜம்தான். அரைமணி நேரத்தில் அதுவும் காய்ந்தது. சந்தைக்கு எந்தச் செருப்பு என்ற பேச்சு வந்தது.

அவளுக்குக் கோபம் வருமென்று பார்த்தாள். வரவில்லை. கோபப்படுவதற்கும் எழுந்து நிற்க வேண்டுமே என்பது போல உடம்பு கிடந்தது. சரி, மூன்று நாள், ஆளில்லாத வீடு, லீவும் இருக்கிறது. படுக்கையை நானே விரித்தால் என்ன, விரித்துவிட்டு மூன்று நாளும் எழுந்திருக்காமல் கிடந்தால் போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

அதிலும் பங்கு கேட்டு ஒவ்வொருவராக வந்தார்கள்.

“நீ வீட்லதானே இருக்கப் போற, வேன் சர்வீசுக்கு ஆள் வருவான், பக்கத்துல நின்னு பாத்துக்க” என்றான் கணவன். “அண்ணி, ஃபிரிட்ஜ் ரிப்பேர்காரன் ரெண்டாம் நாள் வரேன்னிருக்கான், எப்ப வருவான்னு தெரியாது” என்றான் கொழுந்தன். மாமியார் மெத்தைகளை எல்லாம் வெயிலில் போட்டுத் தட்டி வைக்கச் சொன்னாள். ஓரகத்தி காதோடு வந்து சொன்னாள்: “அக்கா, தனியா இருப்பீங்களேன்னு எங்கம்மாவை வரச் சொல்லிட்டேன். உங்களுக்குத் துணைக்கு. அவங்களுக்குக் காரம் மட்டும் ஆகாது.”

புறப்படுவதற்கு முந்தின நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்தும், பென்சிலை வாங்கிக்கொண்டவளிடமிருந்து, போன் வந்தது. “டூட்டியக்கா, நீங்க போகலையாமே! ரெண்டு பேருக்குக் காய்ச்சல். லீவை அடிச்சுடவா?”

“யோசிச்சுச் சொல்றேன்” என்றாள். பதினோரு வருஷத்தில் அவள் யோசிக்கிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் கணக்குப் பார்த்தாள். மூன்று நாளும் காலை, பகல், மாலை, ஒரு கட்டம் மிச்சமில்லை. இப்போது எல்லாக் கட்டத்திலும் அவள் பெயர்தான்.

மூன்று வாரமாக ஓட்டல் தேடிய போன் இன்னும் ஓட்டல் காட்டுவதை நிறுத்தவில்லை. தாய்லாந்து தீர்ந்துபோய், பக்கத்து ஊர்களுக்கு இறங்கியிருந்தது. பஸ்ஸில் மூன்று மணி நேரத் தூரத்தில் ஒரு சின்ன ஊர், இரண்டு மாடி லாட்ஜ். பின்கட்டுக்குப் போய், வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, அந்த எண்ணைக் கூப்பிட்டாள்.

“எத்தனை பேரும்மா?” என்றது வயதான ஆண் குரல்.

“ஒருத்தர்.” சொல்லிவிட்டு, தன் பெயரை எழுத்து எழுத்தாக நிதானமாகச் சொன்னாள். “எழுதிக்கிட்டீங்களா?”

“எழுதிட்டேன். ஊர் பாக்க வர்றீங்களா? இங்க பாக்கறதுக்குப் பெரிசா ஒண்ணும் இல்லீங்க. ஒரு மணிக்கூண்டு இருக்கு, அதுவும் ஓடாது.”

“பரவாயில்ல. விரிப்பு மாத்துவீங்களா?”

“தினமும் காலையில ஒரு அம்மா வந்து மாத்துவாங்க. நீங்க ஒண்ணும் தொட வேண்டாம்.”

அவள் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். அவர் இரண்டு தடவை “ஹலோ” சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. முன்சீட்டில் யார் என்பதில் தகராறு. பெட்டிகள் டிக்கியில் அடங்கவில்லை. கொழுந்தன் பட்டியலை வெளியே எடுத்து, “அண்ணி கார்ல யார் எங்க உக்காரணும்னு எழுதாம விட்டுட்டாங்கப்பா!” என்று கத்தினான். ஒருவழியாக நான்கு பேரும் ஏறி, நான்கு கதவும் சாத்தப்பட்டன.

மாமியார் கண்ணாடியை இறக்கினாள். “ஏம்மா, மெத்தை தட்டறப்ப மூக்குல துணி கட்டிக்க. இவளோட அம்மா பதினொண்ணுக்கு வந்துடுவாங்க. அப்புறம் அந்த ஃபிரிட்ஜுக்காரன்...”

அவள் உள்ளிருந்து வந்தாள். தோளில் ஒரு துணிப்பை. முன்கதவை இழுத்துப் பூட்டினாள். சாவியை உருவவில்லை, பூட்டிலேயே தொங்கவிட்டாள், வருகிறவர் யாராக இருந்தாலும் கண்ணில் படும்படி. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

கையசைக்க வருகிறாள் என்று ஓரகத்தி உள்ளேயிருந்து கையை ஆட்டினாள். அவள் காரைத் தாண்டினாள்.

“எங்கம்மா கிளம்பிட்ட?” என்றாள் மாமியார்.

கணவன் தலையை நீட்டி அந்தப் பையையும் பூட்டில் ஆடிய சாவியையும் மாறி மாறிப் பார்த்தான். டிரைவர் வண்டியை எடுக்கவா வேண்டாமா என்று திரும்பிப் பார்த்தார். அவள் அதற்குள் தெரு முனையை அடைந்திருந்தாள். பஸ் நிற்கும் பக்கமாகத் திரும்பி, ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்விட்டாள்.