மாடிக்குத் தண்ணீர் போதாது

படம் முடிந்தபோது என் வீட்டுக்காரர் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வயிறு நிறைய மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு டி.வி.யில் பார்த்த பழைய இந்திப் படம். பிரிவினைக்குப் பிறகும் பாகிஸ்தானுக்குப் போகமாட்டேன் என்று சொந்த ஊரிலேயே தங்கிவிட்ட ஒரு முஸ்லிம் தபால்காரரின் கதை. குடியிருந்த வீடு பறிபோகிறது. பெண்டாட்டி பிள்ளைகளோடு வாடகைக்கு வீடு தேடி அலைகிறார். முப்பது வருஷம் கடிதம் கொடுத்த வாசல்களிலேயே, நேற்றுத்தான் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டோம் என்கிறார்கள். கடைசியில் கட்டிலைக் கவிழ்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊரைவிட்டே போகிறார்கள்.

"மனுஷங்களா இவங்க?" என்று டி.வி.யைப் பார்த்துக் கத்தினார் என் வீட்டுக்காரர் திருநாவுக்கரசு. "ஊர் விலாசம் பூரா தெரிஞ்ச ஆளுக்குத் தங்க ஒரு விலாசம் இல்லாமப் பண்ணிட்டானுங்க. நல்லவேளை, நம்ம தீவுல இந்த அசிங்கமெல்லாம் கிடையாது."

எனக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. என் அப்பா ஐயாவு சிலோன் மலைத்தோட்டத்திலிருந்து கப்பலேறி, நிக்கோபார் பக்கம் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். அங்கே இருந்தவரை இந்தியாக்காரன். இங்கே வந்தபின் சாகும்வரை சிலோன்காரன். அவரை நினைத்துக்கொண்டேன்.

அழுத கையோடு வீட்டுக்காரர் பேனாவை எடுத்தார்.

"புதன்கிழமை கார் நிக்கோபார் கப்பல்ல நம்ம மாடிக்கு உன் லேப் டெக்னீஷியன் வர்றாங்கள்ல? போலீஸ் ஃபாரத்தக் குடு, எழுதிடறேன்."

வாடகைக்கு ஆள் வைத்தால் காவல் நிலையத்தில் ஒரு படிவம் கொடுக்க வேண்டும். போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் எங்கள் தெருவுக்கு யார் குடிவந்தாலும் அதை நிரப்புவது இவர்தான். சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா, கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். நான் படிவத்தையும் ஆதார் நகலையும் கொடுத்தேன். அப்பா பெயர், தொழில் எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்த முதல் கட்டத்திலேயே பேனா நின்றுவிட்டது.

"சுலைகா பீவியா?"

"ஆமாங்க."

பேனாவை மூடினார். மேலே நிமிர்ந்து தண்ணீர்த் தொட்டி இருக்கும் திசையைப் பார்த்தார்.

"மூணு நாளைக்கு ஒருவாட்டிதான் தண்ணி வருது அரசி. மேல ஒரு குடும்பம் வந்தாப் பத்தாது."

"போன மாசம் உங்க ஆபீஸ் கௌதம் மாடியக் கேட்டப்ப, அஞ்சு பேர் வந்தாலும் தாராளமாப் பத்தும்னீங்களே?"

"அது வேற."

"என்ன வேற?"

"எனக்கு ஒண்ணுமில்லப்பா. தெருவுல நாலு பேரு கறி வாசனை, அது இதுன்னு பேசுவாங்க."

"மத்தியானம் நீங்க தின்னது என்ன, புடலங்காயா?"

கார் நிக்கோபார் ஆஸ்பத்திரியில் நானும் சுலைகாவும் இரண்டு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் மலேரியாவில் விழுந்து கிடந்தபோது எனக்குக் கஞ்சி ஊட்டியவள் அவள். போர்ட் பிளேருக்கு மாற்றல் வந்ததும் போனிலேயே ஆறு வீடு கேட்டாள், ஆறும் இல்லையென்றார்கள். மகள் பிளஸ் ஒன் சேர வேண்டும். குவார்ட்டர்ஸ் கிடைக்கவில்லை. என் மாடி இருக்கிறது, நீ வா என்று சொன்னது நான்தான். அந்த மாடி என் சம்பளத்தில் எழும்பியது.

இதையெல்லாம் கத்திச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒரு மாசமா லேப் டெக்னீஷியன், லேப் டெக்னீஷியன்னுதான சொன்ன? ஒருவாட்டியாவது பேரச் சொன்னியா?"

சொல்லவில்லைதான். சாமான்கள் வந்து இறங்கிவிட்டால் அப்புறம் மறுக்கமாட்டார் என்று நினைத்திருந்தேன்.

மூன்று நாள் வீட்டில் சண்டை. புதன்கிழமை காலை, "சரி, வரட்டும். மூணு மாசம்தான். அதுக்குள்ள வேற பாத்துக்கட்டும்" என்று சாவியை மேஜைமேல் வைத்தார். பெரிய தர்மம் செய்துவிட்ட முகம். அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் சாவியை எடுத்துக்கொண்டு ஜெட்டிக்கு ஓடினேன்.

சாமான்களையெல்லாம் டெம்போவில் ஏற்றியாகிவிட்டது. சுலைகாவின் புருஷன் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். மகள் ஒரு தையல் மெஷின்மேல் உட்கார்ந்திருந்தாள். நான் சாவியை நீட்டினேன். சுலைகா வாங்கவில்லை. என் முகத்தில் என்ன கண்டாளோ, இந்தியில் கேட்டாள்.

"தீதி, சாப் கோ மேரா நாம் பதாயா தா?"

அக்கா, என் பெயரை அவரிடம் சொன்னீர்களா என்கிறாள். பொய் சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னேன், மூன்று மாதத்துக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார் என்றேன்.

அவள் அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஆறு வீட்லயும் முதல்ல என் பேரைத்தான் சொன்னேன் தீதி. மூட்டை கட்டினதுக்கு அப்புறம் இல்லைன்னு கேட்க வேண்டாமேன்னுதான்" என்றாள் இந்தியில். "உங்ககிட்ட மட்டும்தான் அதைச் சொல்லல. உங்களுக்குத்தான் தெரியுமே."

டிரைவரிடம் சாத்தம் ஜெட்டிக்குப் போகச் சொன்னாள். அங்கிருந்து ஃபெர்ரியில் அக்கரையிலிருக்கும் பம்புஃபிளாட். அங்கே அவள் சித்தி மகன் வீட்டில் ஒரு அறை. இனி தினமும் கடல் தாண்டித்தான் டியூட்டிக்கு வர வேண்டும். டெம்போ திரும்பியபோது, கவிழ்த்து வைத்த கட்டிலின் நாலு காலும் மேலே நீட்டிக்கொண்டிருந்தன.

நான் தனியாக வீடு திரும்பியதும், "ஏன் வரல? நான்தான் சரின்னுட்டேனே. பாவம்!" என்றார் வீட்டுக்காரர்.

அந்தப் படிவத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் போட்டேன். "எழுதுங்க. வீடு ஏன் இல்லன்னு உங்க அழகான கையெழுத்துல எழுதுங்க. கீழ நானும் கையெழுத்துப் போடறேன். எனக்கும் அதுல பங்கு இருக்கு."

அவர் பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

சனிக்கிழமை காலை தண்ணீர் வந்தது. மோட்டாரைப் போட்டேன். தொட்டி நிரம்பி, பூட்டிக்கிடந்த மாடியின் ஜன்னல்மேலும் சுவர்மேலும் வழிந்து, தெருவுக்கு ஓடியது. எதிர்வீட்டு விசாலாட்சி வாசலில் நின்று பார்த்தாள்.

"அரசி! தண்ணி வீணாப் போகுது, மோட்டாரை நிறுத்து!" என்று குளியலறையிலிருந்து கத்தினார் வீட்டுக்காரர்.

"எங்க போகுது? நமக்கே பத்தாதே!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டு, நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன்.