ராட்னியின் டிரக், டார்லீனின் கையெழுத்து

1

இந்தக் கதை முழங்கால் வலியில் தொடங்குகிறது. வலி என்னுடையது. வெல்டிங் வேலையில் மண்டியிட்டே கிடந்ததில் வந்தது. அதை என் கதையில் வரும் டார்லீன் பாய்கினுக்குக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் கப்பல் தளத்துச் சாப்பாட்டுக் கொட்டகையில் ஒருவன் சொன்னான்: "கடன் இருந்ததுக்காக இல்லப்பா. இல்லன்னு எழுதினதுக்காகத்தான் அனுமதியப் பிடுங்கிட்டாங்க." யாருடையதை என்று கேட்பதற்குள் சங்கு ஊதிவிட்டது. அந்த யாரோவுக்கு நான் வைத்த பெயர்தான் டார்லீன்.

2

முதல் வரியை இப்படி எழுதிப் பார்த்தேன்: "பேராசை பிடித்த டார்லீன்..." (வேண்டாம். மூன்று வருஷமாக ஒரே பூட்ஸ் போடுகிறவள்.)

"டார்லீன் பொய் சொல்லவில்லை, அவளுக்கு..." (இதையும் முடிக்க முடியவில்லை.)

நடந்ததைச் சொல்கிறேன். நீர்மூழ்கிக் கப்பலுக்குள் வேலை செய்ய அரசாங்கத்தின் பாதுகாப்பு அனுமதி வேண்டும். அது போனால் அவள் பழையபடி பாதிக் கூலிக்குத் துரு சுரண்டவேண்டும். கட்டாமல் விட்ட கடன் உண்டா என்று படிவம் கேட்டது. 'இல்லை' என்று குறித்தாள்.

3

உண்டு. முன்னாள் கணவன் ராட்னி டிரக் வாங்கியபோது அவளும் கூடக் கையெழுத்துப் போட்டாள். அவன் தவணையை நிறுத்தினான். வங்கி டிரக்கை இழுத்துப்போய் விற்றது. விற்ற பணம் கடனுக்குப் போதவில்லை; மீதி கூடக் கையெழுத்துப் போட்டவள் தலையில் விழுந்தது.

"வண்டி அவனுது. நான் ஒருநாள்கூட ஓட்டினதில்ல," என்றாள், கூட வேலை பார்க்கும் வாண்டாவிடம்.

"கையெழுத்துப் போட்ட கை யாருதுடி? பக்கத்து வீட்டுக்காரியோடதா?"

"கட்டிடறேன்னு சொன்னான்."

"சர்ச்சுக்கு வரேன்னும்தான் சொன்னான்."

(இங்கேதான் எனக்கு அவள்மேல் சந்தேகம். வங்கிக் கடிதங்கள் அவள் பெயருக்கே வந்தன. பிரிக்காமல் ஃபிரிட்ஜ் மேல் அடுக்கி வைத்திருக்கிறாள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதவள் பிரித்துப் பார்த்திருப்பாளே?)

4

விசாரணை அதிகாரி டாலிவர் வந்து எதிரே உட்கார்ந்தார். அவளுடைய கடன் விவரமெல்லாம் அவர் பையில் இருக்கிறது. முதலில் பொதுவாகக் கேட்பார். பிறகுதான் பையைத் திறப்பார். அதற்குமுன் அவளே சொன்னால் திருத்தம். பிறகு சொன்னால் மறைத்தது என்றாகும். கடனுக்குத் தவணை போட்டுக்கொள்ளலாம். மறைத்ததற்கு என்ன தவணை?

"மேடம், படிவத்துல எதையாவது மாத்தணுமா? நிதானமா யோசிங்க."

"யோசிச்சா வேலை போயிடுமா?"

"யோசிச்சதுக்கு யார் வேலையும் போனதில்ல, மேடம்."

டார்லீன் மேசைக்கடியில் காலை நீட்டினாள். வலித்தது. ஃபிரிட்ஜ் மேலிருந்த கடிதங்கள் நினைவுக்கு வந்தன.

5

நான் எழுதிப் பார்த்த ஒரு பிரதியில் சொல்லிவிடுகிறாள், அவர் எழுதிக்கொள்கிறார். இன்னொன்றில் "ஒண்ணுமில்ல சார்" என்கிறாள். அவர் பையைத் திறக்கிறார். மூன்றாவதில் அன்று காலையே ராட்னி முழுவதையும் கட்டிவிட்டான். வாண்டா சிரிப்பாள் என்று அதைக் கிழித்துப்போட்டேன்.

அவள் வாய் பாதி திறந்திருக்கிறது. அவர் கை பையின் ஜிப்பில் இருக்கிறது. இருவரையும் அப்படியே விட்டுவிட்டு எழுந்துகொள்கிறேன். மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள்.

ஆனால் எதைச் சொன்னாலும் ஒன்று மாறாது. வங்கிக்கு இன்னும் ஏழாயிரத்து நூற்று நாற்பது டாலர் கட்டவேண்டும். டார்லீன் பாய்கின் கட்டவேண்டும்.