பொனட்டுப் பொட்டை அழிக்க ஓர் ஆள்

1.

தமிழ் இலக்கியம் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கவனிக்காமல் விட்ட ஒரே பொருள், காருக்குப் பூசும் செராமிக் கோட்டிங். அந்தக் குறையை இந்தக் கதையோடு நான் தீர்த்து வைக்கிறேன்.

உண்மையில் லோஜன் கேட்டது கதை இல்லை, ஒரு விளம்பரத் துண்டு. அவன் என்னோடு படித்தவன், இலங்கை மலையகத்தில், ஹட்டனில் கார் கழுவும் கடை வைத்திருக்கிறான். "கோட்டிங்னா என்னான்னு சனங்களுக்கு வெளங்குற மாதிரி எழுதுடா. நீதானே கெம்பஸ் போய்ப் படிச்சவன்" என்றான்.

2.

தொடக்கம், முதல் முயற்சி: மூடுபனி மலையை மறைத்திருந்த அந்தக் காலையில்— (வேண்டாம். ஹட்டனில் எந்தக் காலையில் மறைக்கவில்லை?)

இரண்டாவது: குவார்ட்ஸ் என்பது மணலுக்குப் பணக்காரச் சொந்தம், அதனால்— (இதையும் அடித்துவிடுகிறேன்.)

நேராகவே சொல்கிறேன். மெழுகு பெயிண்டின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். சில மழை பார்த்ததும் எழுந்து போய்விடும். செராமிக் கோட்டிங், குவார்ட்ஸ் கோட்டிங் இரண்டும் பெரும்பாலும் ஒரே சிலிக்கா குடும்பம். பெயிண்டோடு ஒட்டி, கண்ணாடி போல இறுகிவிடும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும். கல் பட்டால் கீறத்தான் செய்யும். ஒரே நிபந்தனை, பூசுமுன் பெயிண்ட் சுத்தமாக இருக்க வேண்டும். அடியில் என்ன மாட்டினாலும் வருடக்கணக்கில் அங்கேயே குடியிருக்கும்.

3.

கோட்டிங்குக்கு முதல் வாடிக்கையாளர் தம்பிஐயா, ரயில் ஸ்டேஷன் முன்னால் வாடகைக் கார் ஓட்டுபவர். (முதல் வரைவில் அவருக்கு மீசை கொடுத்திருந்தேன். பொருந்தவில்லை, எடுத்துவிட்டேன்.) இவருக்குப் பிடித்தால் ஸ்டாண்டில் நிற்கிற மற்றக் கார்களும் வரும். பிடிக்காவிட்டால் லோஜன் பழையபடி சேறு கழுவ வேண்டியதுதான்.

அவர் காரின் பொனட்டில், எஞ்சின் மூடியின் நட்டநடுவில், குங்குமப் பொட்டு. கார் வாங்கிய அன்று கோயிலில் அவர் மனைவி ரஜனி வைத்தது. மழையில் கரையக் கரைய வெள்ளிக்கிழமைதோறும் மேலே வைத்து, இப்போது திட்டாகிவிட்டது. விபத்து வராமல் காப்பது அதுதான் என்பது அவர்கள் நம்பிக்கை.

"இத அழிக்காமப் பூச முடியாதா தம்பி?"

"பூசலாம்ணே. பொட்டு உள்ள மாட்டிக்கிரும், கோட்டிங்கும் அங்க ஒட்டாது" என்றான் லோஜன்.

துண்டுக்குக் குறிப்பெடுக்கக் கூடவே நின்ற நான் குறுக்கிட்டேன். "கார நிப்பாட்டுறது பிரேக்குதாண்ணே, குங்குமம் இல்ல."

"அப்ப ஒங்க பூச்சு நிப்பாட்டுமா?"

"அது விஞ்ஞானம்ணே."

"அதுவும் பூசுறதுதானே."

(இந்த வசனத்தை எனக்குக் கொடுத்திருக்கலாம். அவர் முந்திக்கொண்டார்.)

4.

ரஜனிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் கேட்டது:

"நான் வச்சத நானே அழிக்க மாட்டேன். நீங்களும் கைய வைக்காதீங்க, ஸ்டியரிங் புடிக்கிற கை. லோஜன் தம்பியும் வேணாம், புதுத் தொழில் தொடங்குற புள்ள. அங்க நம்பிக்க இல்லாதவங்க யாராச்சும் நின்னா தொடைக்கச் சொல்லுங்க. அவங்களுக்கு ஒன்னும் ஆகாது."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

5.

முடிவுகள்:

அ) துடைக்கிறேன். கார் மின்னுகிறது. ஸ்டாண்டே வரிசையில் வந்து நிற்கிறது.

ஆ) துடைக்கிறேன். மறுநாள் கினிகத்தேனை மலைப்பாதை வளைவில் அந்தக் கார்— (இதை எழுத மாட்டேன். பயம் இல்லை, கதை நயம் கருதி.)

இ) வாசகரே, நீங்கள் வந்து துடையுங்கள். நவீன இலக்கியத்தில் வாசகர் பங்கேற்பு மிக முக்கியம்.

கொஞ்ச நேரம் காத்திருந்தேன். நீங்கள் வரவில்லை. லோஜன் ஈரத்துணியை நீட்டினான்.

"தொடைடா. பனி எறங்குறதுக்குள்ள பூசணும்."

துடைத்தேன். ஒரே இழுப்பில் போகவில்லை. விரலை நனைத்து நனைத்துத் தேய்க்க வேண்டியிருந்தது. தம்பிஐயா கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

கோட்டிங் இறுகியதா, ஸ்டாண்ட்காரர்கள் வந்தார்களா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு வேறு வேலை இருந்தது. லோஜன் கோட்டிங் போத்தலை எடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து, விரல் நுனியில் மிச்சமிருந்த சிவப்பை நெற்றியில் தொட்டு வைத்து, முன்முடியை இழுத்து மூடிக்கொண்டேன்.