மூன்றாவது கோப்பைக்கு யார் எழுந்தார்கள்

1

இந்தக் கதை வம்பிலிருந்து பிறந்தது. ஆழ்ந்த சிந்தனையிலிருந்து பிறந்தது என்றுதான் முதலில் எழுதினேன். கை கூசியதால் அடித்துவிட்டேன். யெகோர் செத்த நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்கு ஜகார் போவானா மாட்டானா என்று எங்கள் ஐந்து மாடிக் கட்டடமே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. அதில் நானும் ஒருத்தி.

படிக்க வந்தவள் இங்கேயே ஒருவரைக் கட்டிக்கொண்டு, வியாத்கா ஆற்றங்கரையில் கை கால் முடங்கியவர்களுக்குப் பயிற்சி தரும் மருத்துவராகத் தங்கிவிட்டேன். இந்த நாட்டில் ராணுவத்தை இழிவாகப் பேசினால் சிறை. சிறையிலிருந்து ராணுவத்துக்குப் போனவர்களை இழிவாகப் பேசினாலும் சிறை. (இது புரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.) அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். இந்த ஊரில் வேறு யாருக்கும் ஒரு எழுத்துகூடத் தெரியாது. பெயர்களையும் மாற்றிவிட்டேன், எதற்கு வம்பு.

2

முதல் தொடக்கம்: ‘யெகோர் கொலைகாரன்தான் என்றாலும் அவனுக்குள்ளும் ஒரு...’

வேண்டாம். இப்படித் தொடங்கினால் மூன்றாம் பத்தியில் நீங்கள் அவனை மன்னித்துவிடுவீர்கள்.

இரண்டாவது தொடக்கம்: யெகோர் குடிவெறியில் ஒரு கடையின் காசாளரைக் குத்திக் கொன்றான். நீண்ட தண்டனை. சில வருடத்தில் போருக்கு ஆள் எடுக்கச் சிறைக்கு வந்தார்கள். ஆறு மாதம் சண்டை போட்டால் மன்னிப்பு என்றார்கள். மன்னிப்புக்கு முன்பே செத்துப்போனான். பெட்டியோடு வீரப் பதக்கமும் வீடு வந்தது.*

* காசாளரின் பெயர் நீனா.

[இவளை ஏன் அடிக்குறிப்பில் வைத்தேன்? எழுதும்போது தோன்றவேயில்லை. பதக்கம் வந்த நாளிலிருந்து ஊரும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது. மேலே கொண்டுவருகிறேன்.]

நீனா. எங்கள் கட்டடத்துக் கீழ்க்கடையில் இருந்தாள். உருளைக்கிழங்கு நிறுக்கும்போது அழுகியதைத் தானே பொறுக்கித் தள்ளிவிடுவாள். அவள் அக்கா ரயீசா நான்காம் மாடியில் இன்னும் இருக்கிறாள்.

3

ஜகார் பள்ளி முடித்ததும் பட்டாளத்தில் சேர்ந்தவன். யெகோருக்குக் கிடைத்த அதே பதக்கம் இவனுக்கும் உண்டு. இடது கையில் குண்டுச் சில்லு பாய்ந்து விடுப்பில் வந்திருந்தான். என் அறையில் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தபோது யெகோரின் அம்மா கிளாவா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள்.

“ஞாயித்துக்கெழம நாப்பதாம் நாளு. நீ வரணும்.”

“பாக்கலாம், கிளாவா அத்தை.”

“பாக்கலாம்னா வரமாட்டேன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா ஒன்ன? மூக்கொழுகிக்கிட்டு எங்க வீட்லயே கெடந்த பய.”

“டாக்டர் முன்னாடி மானத்த வாங்காதீங்க அத்தை.”

கிளாவா சிரிக்கவில்லை. “மூணாவது கோப்பைக்கு ஒரு பட்டாளத்துக்காரன் எந்திரிக்கணும்பா. நீ எந்திரிச்சா எல்லாரும் எந்திரிப்பாங்க. இல்லேன்னா நான் ஒரு கைதிக்குத்தான் கருமாதி பண்ணேன்னு ஆயிரும்.”

மூன்றாவது கோப்பை மது, செத்துப்போன வீரர்களுக்கு. எழுந்து நிற்கவேண்டும், கோப்பைகளை முட்டக்கூடாது, வாய் திறக்கக்கூடாது. ஜகார் தன் நண்பர்கள் எத்தனையோ பேருக்கு அப்படி நின்றவன். கிளாவா அந்த வரிசையில் தன் மகனுக்கும் ஓர் இடம் கேட்டாள்.

அவள் போனபின் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் கேட்டேன். “ஜெயில்லேருந்து வந்தவங்களோட சேந்து போர்ல நின்னதுல உங்களுக்கு கௌரவக் கொறச்சலா?”

“கோழைங்களா இருந்திருந்தா பிரச்சினையே இல்ல டாக்டர். நல்லா சண்டை போட்டானுங்க. கொலைகாரனுக்கும் தைரியம் வரும்னா, நான் இத்தன வருஷமா எதப் பெருமைன்னு நெஞ்சுல குத்திக்கிட்டுத் திரியறேன்?”

பந்து கையிலிருந்து நழுவியது. எடுத்துக் கொடுத்தேன்.

“அவனுங்களத்தான் மொதல்ல அனுப்புவோம். அவனுங்க விழுற எடத்த வெச்சு, எங்கேருந்து சுடறாங்கன்னு தெரிஞ்சுக்குவோம். முன்னெல்லாம் நான் என் ஆளுங்களுக்கு முன்னால போவேன். இப்ப குழியில ஒக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன். கௌரவத்த அவனுங்க கெடுக்கல.”

கைதிகள் சேர்ந்து பட்டாளத்தின் கௌரவம் கெட்டது, சுத்தமான பாலில் ஒரு துளி விஷம் என்ற மாதிரி ஒரு கட்டுரையை மனதில் தயாராக வைத்திருந்தேன். அது அன்றோடு போயிற்று.

4

(கைவிட்ட காட்சி. காயம்பட்ட ஜகாரை யெகோர் முதுகில் சுமந்துகொண்டு ஓடுகிறான். வீட்டுக்காரரிடம் கதையாகச் சொன்னேன். “பிரமாதம். டிவிக்காரனுக்கு வித்துடு,” என்றார். கிழித்துப் போட்டேன். போர்முனையில் அவர்கள் இருவரும் சந்தித்துக்கொண்டதே இல்லை.)

5

ஞாயிற்றுக்கிழமை ஜகார் வந்தான். சீருடையில்தான் வந்தான், ஆனால் பதக்கம் இல்லை. கிளாவாவின் கண் அவன் மார்பில் ஒரு கணம் நின்று நகர்ந்தது. யெகோரின் படத்துக்கு முன்னால் வோட்கா, அதன்மேல் மூடியாக ஒரு துண்டு கறுப்பு ரொட்டி. தேன் கலந்த கோதுமை சாப்பிட்டோம். முதல் கோப்பை ஆயிற்று, இரண்டாவதும் ஆயிற்று.

அப்போது ரயீசா வந்தாள். யாரும் அவளை எதிர்பார்க்கவில்லை. மேசைக் கோடியில் உட்கார்ந்தாள். கிளாவா தோசை மாதிரியான அப்பம் ஒன்றை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

“சாப்பிடு ரயீசா.”

“திங்க வரல. யார் யார் எந்திரிக்கிறாங்கன்னு பாக்க வந்தேன்.”

“பாரு. கண்ணாரப் பாத்துட்டுப் போ.”

“ஒன்மேல எனக்குக் கோவமில்ல கிளாவா. ஒனக்குன்னா எந்திரிப்பேன். அவனுக்கு மாட்டேன்.”

ஜகார் எல்லோருக்கும் ஊற்றினான். ரயீசாவுக்கும் ஊற்றினான். பிறகு எழுந்தான். நாற்காலிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்தன. கிளாவாவின் முகத்தை எழுத மூன்று முறை முயன்று தோற்றேன். வழக்கு நடந்த நாளிலிருந்து குனிந்தே நடந்தவள் அன்று நிமிர்ந்து நின்றாள். எனக்கு அழுகை வந்தது.

“ஜகார்,” என்றாள் ரயீசா, உட்கார்ந்தபடியே. “யாருக்காக நிக்கிற?”

6

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் இருந்தன. ‘யெகோருக்கு’ என்கிறான். ‘நீனாவுக்கு’ என்கிறான். ‘நான் அனுப்பி வைத்தவர்களுக்கு’ என்கிறான். மூன்றும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் மூன்றாவது கோப்பையின்போது ஜகார் பேசமாட்டான். அவனிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு கட்டுப்பாடுதான். அதையும் உடைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேசாமல் நின்றான்.

நான்? பாதி எழுந்திருந்தேன். கை மேசை விளிம்பில் இருந்தது. மீதியை இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன், இரண்டிலும் நான் நல்லவளாகவே தெரிந்தேன். இரண்டையும் அடித்துவிட்டேன்.

இனி உங்கள் பாடு. ரயீசாவுக்குப் பக்கத்தில் உங்களை உட்காரவைத்திருக்கிறேன். உங்கள் கோப்பையையும் ஜகார் நிரப்பிவிட்டான். கிளாவா உங்களைத்தான் பார்க்கிறாள். ரயீசாவும்.