இரண்டு கரைக்கும் ஒரே படகு

கூட்டம் தொடங்க வேண்டிய நேரம் தாண்டியும் கோர்டன் வரவில்லை. யூனியன் ஸ்டேசனுக்குப் பக்கத்து ஹோட்டலின் சின்ன அறைக்கு நோரா மட்டும் வந்திருந்தார். குடித்து முடித்த காகிதக் கோப்பிக் கோப்பையின் விளிம்பைக் கிள்ளிக் கிள்ளி மேசையில் போட்டுக்கொண்டிருந்தார். அனோஜா எழுந்து போய்க் கதவைத் திறந்து நடையைப் பார்ப்பதும் திரும்பி வந்து உட்காருவதுமாக இருந்தாள்.

அவள் வேலை செய்யும் சின்ன நிறுவனம் மிசிசாகாவில் இருந்தது. யாரோ கொடுத்த நிதி சொன்ன வேலைக்குப் போய்ச் சேர்ந்ததா, அதனால் யாருக்காவது நன்மை உண்டானதா என்று விசாரித்து எழுதிக் கொடுப்பது அதன் தொழில். இந்த முறை வந்தது அயர்லாந்துத் தீவின் எல்லைப்புறத்து வேலை. அங்கே பழைய சண்டையின் காயம் ஆறவென்று ஐரோப்பியப் பணம் பல வருடங்களாகப் போய்க்கொண்டிருக்கிறது. எல்லையின் இரண்டு பக்கமும் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு கூட்டு அலுவலகம்தான் அதைப் பிரித்துக் கொடுக்கும். வடக்கிலிருந்து ஒரு பங்காளி, தெற்கிலிருந்து ஒரு பங்காளி, இரண்டு பேரும் சேர்ந்து கையொப்பம் வைக்க வேண்டும். ஒருவர் விலகினால் மற்றவருக்கும் இல்லை.

நோராவும் கோர்டனும் அப்படியான பங்காளிகள். எல்லைக்கோடு நடுவால் போகும் ஒரு ஏரியில் மீட்புப் படகு ஒன்றை நடத்தினார்கள். முன்பெல்லாம் ஒரு கரையில் ஆள் மூழ்கினால் மற்றக் கரைக்காரர் பார்த்துக்கொண்டு நிற்பார்களாம். இப்போது இரண்டு கரைப் பிள்ளைகளும் ஒரே படகில் ஏறுகிறார்கள். ஒன்ராறியோ ஏரியில் மீட்பு வேலைக்கு எப்படிப் பழக்குகிறார்கள் என்று பார்க்க இரண்டு பேரும் ஒரு வாரம் வந்திருந்தார்கள். அடுத்த கட்டப் பணத்துக்கான கையொப்பத்தை வெள்ளிக்கிழமைக்குள் வைக்க வேண்டும். அதற்கு முன் இரண்டு பேரையும் ஒன்றாக இருத்திப் பேசி எழுதுவது அனோஜாவின் பொறுப்பு.

"அவர் வரமாட்டார்," என்றார் நோரா. "காலையில் செய்தி அனுப்பினார். கையொப்பமும் வைக்க மாட்டாராம்."

"என்ன நடந்தது?"

நோரா கோப்பையைத் தள்ளி வைத்தார். "நேற்றுச் சாப்பாட்டின்போது ஒன்று சொன்னேன். இரண்டு வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியது. அவரிடமே கேளுங்கள். படகு எங்கே நிற்கிறதோ அங்கே இருப்பார்."

அனோஜா பையைத் தூக்கிக்கொண்டு துறைமுகப் பக்கம் நடந்தாள். கோர்டனின் போன் அடித்து அடித்து நின்றது. ஏரிக்கு நடுவிலுள்ள தீவுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் பெரி அப்போதுதான் திரும்பி வந்து கரையில் முட்டியது. இறங்கிய சனத்தோடு நீலக் கம்பளித் தொப்பியும் அகன்ற தோளுமாகக் கோர்டனும் இறங்கினார். நேரே ரிக்கெற் யன்னலுக்குப் போய்த் திரும்பவும் வரிசையில் நின்றார். அனோஜா ஓடிப்போய்ப் பின்னால் நின்று தனக்கும் ஒன்று வாங்கினாள். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார். பெரியின் முன் பக்கத்தில், குளிர்காற்று அடிக்கும் இடமாகப் பார்த்து இருவரும் நின்றார்கள்.

நகரம் பின்னால் போனபிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"எங்கள் படகை ஓட்டுகிற பையன் கோனர். தெரியும்தானே? வீடியோவில் பார்த்திருப்பீர்கள்."

"ஓம், சிவப்புத் தலைமுடி."

"இருட்டில் ஓட்டப் பழக்கியவன் நான். முதல் குளிர்காலம் தவறி விழுந்தபோது சட்டைக் கொலரில் பிடித்து இழுத்தவனும் நான்தான். போன மார்கழியில் இரண்டு பெண் பிள்ளைகளை நானும் அவனும் தூக்கி எடுத்தோம். அவன் தாயின் குடும்பப் பெயரோடு வந்தான். தகப்பனைப் பற்றி நான் கேட்கவில்லை." கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்துத் திரும்பவும் பிடித்தார். "தகப்பன்தான் என் தம்பியைச் சுட்டவன். தம்பி லொறி ஓட்டினான். எல்லைத் தெருவில் மறித்துச் சுட்டார்கள். அந்த ஆள் சிறைக்குப் போய், சமாதான ஒப்பந்தத்தோடு வெளியே வந்து, பிறகு பிறந்த பிள்ளை இவன்."

"கோனருக்குத் தெரியுமா?"

"தெரியாதாம். நோராவுக்குத் தெரியும். இரண்டு வருடமாகத் தெரியும்."

"முதலே சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?"

"விலகியிருப்பேன்."

"படகு?"

"நின்றிருக்கும்."

"அப்படியென்றால் அவர்..."

"அவள் செய்தது சரி என்று சொல்லாதீர்கள்." குரலை உயர்த்தவில்லை. "அந்தப் பையனோடு எனக்குக் கோபம் இல்லை. போவதா இருப்பதா என்று யோசித்து முடிவெடுக்க வேண்டியவன் நான். அவள் எனக்குப் பதிலாக முடிவெடுத்துவிட்டாள். எங்கே வைத்தால் உடையாது என்று பார்த்து ஒரு சாமானை வைப்பது போல என்னை வைத்திருந்தாள். அதுவும் என்னுடைய நல்லதுக்காம்."

அனோஜா தீவில் இறங்காமல் பெரியின் மறுபக்கம் போய்க் கொஞ்ச நேரம் தனியே நின்றாள்.

டோர்செட் பார்க் பகுதியில் அவளும் தாய் கிளடிசும் இருக்கும் கட்டடத்தில், அவர்களுக்கு நாலு மாடி கீழே ஒன்பதாம் மாடியில் அமிர்தநாதர் என்றொருவர் இருந்தார். மனைவியை இழந்தவர், மன்னார்ப் பக்கத்து ஆள். புதன்கிழமை செபமாலைக்கு அவர்கள் வீட்டுக்கு வருவார். ஞாயிறு பூசைக்கு அம்மா அவருடைய காரில்தான் போவார். மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் ஒன்பதாம் மாடிக்குப் போகும். போன மார்கழி நத்தார்ப் பண்டிகைக்கு லண்டனிலிருந்து வந்த பெரியம்மாவின் மகள் செலீன், அந்த மனிதரைக் கண்டதும் அனோஜாவை அறைக்குள் இழுத்தாள். "உவரை ஆரெண்டு உனக்குத் தெரியுமே? சின்ன மாமாவை ஆமிக்காரர் கொண்டுபோன சுற்றிவளைப்பிலை, முகம் தெரியாமல் சாக்கைப் போட்டுக்கொண்டு ஆளைக் காட்டித் தலையாட்டினது உவர்தான். ஊரிலை எல்லாருக்கும் தெரியும். நீங்கள் அதுக்கு முதலே வெள்ளெனக் கனடாவுக்கு வந்திட்டியள்." சின்ன மாமா திரும்பி வரவேயில்லை. அவர் அம்மாவின் ஒரே தம்பி. அனோஜா அதை அம்மாவிடம் சொல்லவில்லை. அறுபது வயதுக்குப் பிறகு அம்மாவுக்குக் கிடைத்த நாலு மனிதர் பழக்கம் அது, கெடுப்பானேன் என்று விட்டுவிட்டாள். அம்மாவின் நல்லதுக்குத்தான்.

பெரி திரும்பிக் கரைக்கு வந்தபோது அவளுடைய போன் அடித்தது. மேலாளர் சச்சிதானந்தன்.

"என்ன அனோஜா, ரெண்டு பேரும் ஒண்டா இருந்து கதைச்சவையே?"

"இல்லை அண்ணை. கோர்டன் கையெழுத்து வைக்க மாட்டன் எண்டுறார்." நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள்.

"உதெல்லாம் ரிப்போட்டிலை போடாதையும். பங்காளிகளுக்கிடையிலை கொஞ்சம் தொடர்புக் குறை இருக்கெண்டு எழுதிவிடும். நாங்கள் அவையின்ரை வீட்டுக் கதை விசாரிக்க வந்த ஆக்களில்லை."

"இது வீட்டுக் கதை இல்லை அண்ணை. சமாதானத்துக்கெண்டு குடுக்கிற காசு. எத்தினை பேரைக் காப்பாற்றினவை, எத்தினை தரம் கூடினவை எண்டு கேட்டிருக்கினம். பழைய கதை ஏதும் வெளியிலை வந்தா என்ன செய்வியள் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

"நீர் எழுதினா அந்தப் படகு நிண்டுபோகும். யோசிச்சுப் பாரும்."

யோசித்தாள். அன்று முழுவதும் அதைத்தான் யோசித்தாள். எழுதி அழித்தாள், திரும்ப எழுதினாள். கடைசியில் பெயர்களும் சாவும் இல்லாமல் ஒரு பந்தி எழுதினாள். பங்காளிகளில் ஒருவர் மற்றவரைக் காக்க நினைத்து ஓர் உண்மையை மறைத்தார், அதைப் பேசுவதற்கு இந்தத் திட்டத்தில் இடம் வைக்கப்படவில்லை, இனி வைக்க வேண்டும் என்று. அதை முதலில் நோராவுக்கும் கோர்டனுக்கும் அனுப்பினாள். நோரா 'சரி' என்று ஒரு சொல் எழுதினார். கோர்டனிடமிருந்து பதில் இல்லை. வெள்ளிக்கிழமை அவர் முன்கூட்டியே வேறு விமானம் பிடித்துத் தனியே போய்விட்டதாக நோரா சொன்னார். கூட்டு அலுவலகம் இன்னும் ஒரு மாதம் தவணை கொடுத்தது.

சனிக்கிழமை பின்னேரம் அம்மா குசினியில் விளைமீன் வெட்டிக்கொண்டிருந்தார். அனோஜா மூன்று தரம் குசினிக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

"என்னடி, பேய் பிடிச்ச மாதிரி உலாவுறாய்?"

அவள் சொன்னாள். நின்றபடியே, அம்மாவின் கையைப் பார்த்தபடி சொன்னாள். கத்தி நின்றது.

"ஆர் சொன்னது?"

"செலீன் அக்கா."

"எப்ப?"

"நத்தாருக்கு வந்தவதானே, அப்ப."

கிளடிஸ் கையைக் கழுவினார். துடைத்தார். திரும்பவும் கழுவினார். "நத்தாருக்கு. பிறகு பெரிய வெள்ளி வந்தது. அந்த மனிசன்ரை காரிலைதானே நான் சிலுவைப் பாதைக்குப் போனனான். நீ வாசலிலை நிண்டு கையும் காட்டினனி."

"அம்மா, உங்களுக்கு நோகும் எண்டுதான்..."

"எனக்கு நோகுமோ இல்லையோ எண்டு நீ ஆரடி பாக்கிறதுக்கு? அவன் என்ரை தம்பி."

அதன் பிறகு அம்மா அவளோடு பேசவில்லை. புதன்கிழமை செபமாலைக்குக் கதவு திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா பஸ் எடுத்துப் பூசைக்குப் போனார். அனோஜா கொண்டுபோய் விடுகிறேன் என்றபோது கேட்காதவர் போல எலிவேற்றருக்குள் ஏறினார். ஒன்பதாம் மாடியைத் தாண்டும்போதெல்லாம் கதவு திறந்துவிடுமோ என்று அனோஜா மாடி இலக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அமிர்தநாதர் இரண்டு தரம் போன் எடுத்து, "அம்மாவுக்குச் சுகமில்லையே பிள்ளை?" என்று கேட்டார். அவள், "ஓம் அங்கிள், கொஞ்சம் அலுப்பு," என்று சொல்லிவிட்டு, ஏன் அப்படிச் சொன்னேன் என்று தன்மேலேயே எரிந்து விழுந்தாள்.

தவணை முடிவதற்குச் சில நாள் இருக்கும்போது கோர்டன் வீடியோவில் அழைத்தார். பின்னால் ஈரமான உயிர்காப்பு ஜாக்கெற்றுகள் தொங்கின.

"கையொப்பம் வைத்துவிட்டேன்," என்றார். "ஒரு வருடத்துக்கு மட்டும்."

"கோனர்?"

"நானே போய்ச் சொன்னேன். தகப்பன் அவனுக்கு வேறு கதை சொல்லி வைத்திருந்திருக்கிறான். இரண்டு கிழமை படகுப் பக்கம் வரவில்லை. போன செவ்வாய் வந்தான். ஒன்றும் பேசாமல் கயிறு சுற்றினான். நானும் சுற்றினேன்."

"நோரா?"

"அவள் விலகிவிட்டாள். நான் கேட்கவில்லை, தானாகத்தான். தெற்குக் கரையிலிருந்து வேறு ஒரு பெண் வருகிறாள்." பின்னால் தொங்கிய ஒரு ஜாக்கெற்றைச் சரிசெய்தார். "பன்னிரண்டு வருடம் நானும் நோராவும் ஒரு மேசையில் இருந்தோம். இப்போது கடையில் கண்டால் தலையசைக்கிறோம். உங்கள் பந்தியில் 'காக்க நினைத்து' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். இருக்கட்டும்."

அனோஜா அறிக்கையை அப்படியே அனுப்பினாள். சச்சிதானந்தன் ஒரு நாள் முழுவதும் வைத்திருந்துவிட்டு, "சரி, உம்மடை பேரிலை போகட்டும்," என்று விட்டுவிட்டார். படகு ஓடுகிறது என்ற நிம்மதி அவளுக்கு ஒரு மணித்தியாலம்கூட நிற்கவில்லை. நோரா கிள்ளிப்போட்ட கோப்பை கண்ணுக்குள் வந்துகொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை, வேலைக்குப் போய் வந்த உடுப்பைக்கூட மாற்றாமல் அவள் கதிரையில் இருந்தபோது, அம்மா சேலை உடுத்திக்கொண்டு அறையிலிருந்து வந்தார்.

"எங்கை போறியள்?"

"கீழை."

கதவு சாத்தியது. அனோஜா எழுந்தாள். பின்னால் போக நினைத்து வாசல்வரை போய் நின்றாள். யன்னலுக்கு வந்தாள். தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தாள், ஊற்றாமல் விட்டாள். கீழே கார் தரிப்பிடத்தில் யாரோ பிள்ளைகள் பந்து அடித்தார்கள். சத்தம் ஏதும் கேட்கிறதா என்று நடையில் போய்க் காது கொடுத்தாள், நாலு மாடி தாண்டி என்ன கேட்கப் போகிறது என்று தெரிந்தும்.

அம்மா திரும்பி வந்தபோது வெயில் சரிந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கதிரையில் இருந்தார்.

"கேட்டன்," என்றார். "தான்தான் எண்டு சொன்னவர். சாக்குக்குள்ளாலையும் தம்பியைத் தெரிஞ்சதாம். தன்ரை மகனை ஆமிக்காரர் பிடிச்சு வைச்சிருந்தவங்களாம், அதுதான் தலையாட்டினதாம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லை. அவர் அழுதவர். நான் பாத்துக்கொண்டிருந்தன். தண்ணி தந்தவர், குடிக்கேல்லை."

"இனி அவரோடை கதைப்பியளே?"

"எனக்கே தெரியாது, அனோஜா. தெரிஞ்சாப் பிறகு உனக்குச் சொல்லுறன்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "நாளைக்குப் பூசைக்கு நீ கொண்டுபோய் விடு. பஸ்ஸிலை நிண்டு கால் உளையுது."

"ஓம் அம்மா," என்றாள் அனோஜா.